காது மிஷின்

கருமத்தம்பட்டிப் பக்கம் தறி ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு பாஷை. தறி நின்றால் வாய், ஓடினால் கை. நாலு தறி சேர்ந்து ஓடுகிற குடோனுக்குள் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும். அதனால் குறுக்கே ஓடுகிற நாடாவில் நூல் தீர்ந்துவிட்டது என்றால் ஆட்காட்டி விரலைச் சுழற்றிக் காட்டுவார்கள். நீளவாட்டில் போகிற பாவு நூல் அறுந்துவிட்டது என்றால் இரண்டு விரலைக் கத்தரி போல ஆட்டுவார்கள். சாப்பிடப் போகலாமா என்பதற்குப் புருவத்தைத் தூக்கினால் போதும். புருஷன் பெண்டாட்டி சண்டைகூடக் கையாலேயே தொடங்கிக் கையாலேயே தீர்ந்துபோவதுண்டு. இப்படிப் பழகியவர்கள் வெளியே வந்து வாயைத் திறந்தால் எதிரில் நிற்கிறவன் இரண்டடி பின்னால் நகர்வான். மெல்லப் பேசுவதென்பது அவர்களுக்கு எப்போதோ மறந்துபோயிருக்கும்.

திருமலைசாமியும் நாச்சியம்மாளும் அந்த ரகம்தான். கல்யாணமான மறுமாசமே இரண்டு பேரும் ஒட்டுக்காகத் தறிக்கு இறங்கியவர்கள். ஜோதிமணி பிறந்து நாற்பதாம் நாள் நாச்சி பிள்ளையைக் கொண்டுவந்து குடோன் விட்டத்தில் சேலையைத் தொட்டிலாகக் கட்டிப் போட்டாள். பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு நாதியில்லை. அந்த இரைச்சலில் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சொகமாகத் தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்று, ஆட்கள் வாயைத் திறந்து பேச ஆரம்பித்தால்தான் வீறிட்டு அழும். பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று திருமலைசாமிக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மூன்று வயதாகியும் அம்மா என்று ஒரு சொல் வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. முகத்தைப் பார்ப்பதில்லை. நூல் தீர்ந்து காலியான தார்க்குச்சிகளைத் தரையில் வரிசையாக அடுக்குவாள், கலைத்துவிட்டு மறுபடியும் அடுக்குவாள், அதிலேயே பொழுது போய்விடும். யாராவது ஒரு குச்சியை நகர்த்தி வைத்துவிட்டால் போச்சு, தலையைச் சுவரில் மோதுவாள். அவிநாசியில் ஒரு டாக்டர் அவளுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்த்தார். ஜோதிமணி திரும்பவில்லை. "காது இல்லீங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஊருக்கு அது முன்னமே தெரிந்திருந்தது. "பச்சப்புள்ளையக் கொண்டாந்து தறிச் சத்தத்துல போட்டா காது அவிஞ்சு போகாம என்ன பண்ணும்?" என்று நாச்சியின் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அவளும் நம்பினாள். தன் கையால் கட்டிய தொட்டில்தான் பிள்ளையைக் கெடுத்தது என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் ஜோதிமணியிடம் பேசவில்லை. கேட்காத பிள்ளையிடம் வாய் வலிக்கப் பேசுவானேன்? தறிக்காரர்களுக்குத்தான் கைப்பாஷை இருக்கிறதே. வா, போ, தின், படு, எல்லாம் கைதான். அவள் இருக்கிற இடத்தில் மற்றவர்கள் பேசிக்கொள்வதற்கும் தடையில்லாமல் போயிற்று. அவளைப் பற்றி என்ன பேசினாலும் அவள் தலைக்கு மேலேயே பேசினார்கள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகுதான் கோயமுத்தூர் போகிற வழியில், அவிநாசி ரோட்டை ஒட்டி, காது கேளாத பிள்ளைகளுக்கென்று கிறிஸ்தவ சபைக்காரர்கள் நடத்துகிற பள்ளிக்கூடம் தெரிய வந்தது. விடுதியில் சேர்க்க மாட்டோம் என்றார்கள், பிள்ளை கடிக்கிறது. தினமும் கூட்டிவந்து கூட்டிப்போனால் பார்க்கலாம் என்றார்கள். நாச்சி தறியை விட்டாள். அவள் தறிக்கு ஓர் ஆளைப் போட்டுக்கொண்டு திருமலைசாமி மாரடித்தார். காலை ஏழு இருபது பஸ்ஸில் பிள்ளையோடு ஏறினால் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வீடு. நடுவில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் புகுந்துகொண்டாள். அரிசி களைவது, வெங்காயம் உரிப்பது, அண்டா கழுவுவது. யாரும் செய்யச் சொல்லவில்லை. செய்தால் பிள்ளையைத் துரத்த மாட்டார்கள் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

கணக்கு தப்பவும் இல்லை. மூன்று வருஷத்தில் ஜோதிமணி வரிசையில் நிற்கப் பழகினாள். தட்டில் போட்டதைத் தானே எடுத்துத் தின்னப் பழகினாள். பொத்தான் போடக் கற்றுக்கொள்ள ஒரு வருஷம் ஆயிற்று. அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் யாரையும் கத்திக் கூப்பிடுவதில்லை. பிள்ளைகள் கையால் பேசி முகத்தால் சிரிப்பார்கள். ஜோதிமணி அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை, ஆனால் அங்கே அவள் தலையை மோதிக்கொள்ளவும் இல்லை. நாச்சிக்கு அது போதும். பிள்ளைக்கு ஒன்பது வயது. உலகத்தில் அவளை உள்ளே விடுகிற கதவு அது ஒன்றுதான் என்பதை நாச்சி அறிந்திருந்தாள்.

அப்படியிருக்கையில்தான், தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆடி மாசத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போயிற்று. திருமலைசாமி டீக்கடைக்குப் போய்விட்டார். குடோன் சத்தம் அடங்கிக் கிடந்தது. நாச்சி மூன்றாம் தறியில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தாள். அந்தத் தறிக்கு ஒரு நொண்டி உண்டு. மூன்று அடி சீராக அடித்து நாலாவது அடியை ஒரு கணம் தாமதித்து அடிக்கும். மற்றவர்களுக்குத் தெரியாது, பத்து வருஷம் ஓட்டிய நாச்சிக்குத் தெரியும். முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவள் காதில் அந்த அடி கேட்டது. தறி நின்றுகொண்டிருக்கிறது. அடி மட்டும் கேட்கிறது.

திரும்பினால், தரையில் உட்கார்ந்து தார்க்குச்சி அடுக்கிக்கொண்டிருந்த ஜோதிமணி உதட்டுக்குள் முனகிக்கொண்டிருந்தாள். டக், டக், டக், ஒரு கணம், டக். அச்சு அசலாக மூன்றாம் தறி.

பெற்றவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஓடிப்போய்ப் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். யாராவது பார்த்துவிட்டார்களா என்று குடோன் வாசலைப் பார்த்தாள். காது கேட்கிற பிள்ளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அவர் வெள்ளை மனசுக்காரர், சந்தோஷத்தில் பஸ் ஸ்டாப் வரைக்கும் சொல்லிவிட்டு வருவார்.

கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை சமையல்கட்டில் நாச்சி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது ஜெபராணி டீச்சர் வந்து நின்றார். ஜோதிமணியின் வகுப்பு அவருடையதுதான். பள்ளிக்கூடப் பொறுப்பும் அவரிடம்தான். நல்ல மனுஷி, சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"நாச்சியம்மா, வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலருந்து வின்ஸ்டன் சார் வர்றாரு. எல்லாப் பிள்ளைங்களுக்கும் காது டெஸ்ட். வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்துருங்க. கையெழுத்துப் போடணும்."

"எதுக்குங்க டீச்சர், இப்பப் புதுசா?"

"ஆபீஸ்ல கேக்கறாங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு கேக்குது, கேக்கலைன்னு சீட்டு வேணுமாம். நாப்பது பிள்ளைங்களுக்குத்தான் அனுமதி. வெளிய பதினாறு பேரு காத்துட்டு இருக்காங்க."

டீச்சர் வாசல் வரை போய்த் திரும்பினார். "ஜோதி விஷயத்துல எனக்கு ஒரு சந்தேகம் இருக்குதுங்கம்மா. பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சமையல்காரி பாவாத்தாள் அடுப்பில் அரிசியும் பருப்புமாகக் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவைக் கிளறியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயது, புருஷன் இல்லை, அந்த அடுப்படிதான் வீடு.

"ஏன் அம்மணி, மொகம் இப்புடிப் பேயறைஞ்சாப்பல ஆயிப்போச்சு? உம்புள்ளைக்குத்தான் காது இல்லையே. பரிச்செ வெச்சா வெச்சுட்டுப் போறாங்க."

"ஒண்ணுமில்லீங்கக்கா. வெங்காயக் காரம்."

"ஏங்கிட்ட மறெக்காத. மூணு வருசமா ஒட்டுக்கா ஒக்காந்து சோறு திங்கறம்."

நாச்சி வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். தறிக்காரிக்கு ரகசியம் சொல்வது கஷ்டம், குரல் அடங்காது. பாவாத்தாளின் காதுக்குள் வாயை வைத்துச் சொன்னாள். பாவாத்தாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அடி ஆத்தா! எப்பருந்துடி தெரியும்?"

"ஆடிலருந்துங்க."

"ஊட்டுக்காரருக்கு?"

"தெரியாதுங்க. ஆருக்கும் தெரியாது. அக்கா, உங்க காலுல உழுகறேன், வாயத் தொறந்துபோடாதீங்க. இங்க வேண்டாமுன்னு சொல்லீட்டா இவளக் கொண்டுட்டு நான் எங்கீங்க போவேன்? எந்த இஸ்கோல்ல வெச்சுக்குவாங்க? ஊட்டுல போட்டுப் பூட்டித்தானுங்க வெக்கோணும்."

"அதுக்குன்னு காது கேக்கற புள்ளையச் செவுடுன்னா? நாலு வார்த்த சொல்லிக் குடுத்தாப் பேச வருமோ என்னுமோ?"

"வராதுங்கக்கா" என்றாள் நாச்சி. "நாலு மாசமா ஆருமில்லாதப்பப் பேசிப் பாத்துட்டேன். கூப்புட்டேன். கெஞ்சுனேன். அவ என்னையத் திரும்பிக்கூடப் பாக்கல. கேக்குது, ஆனா எங்கிட்ட இருந்து ஒண்ணும் வேண்டாமுன்னு இருக்கறா. இது என்ன கெரகம்னு எனக்குத் தெரியலீங்க. செவுடுன்னாலாச்சும் ஒரு பேரு இருக்குது."

பாவாத்தாள் வெங்காயத்தை வாங்கித் தாளிக்கப் போனாள். அன்றைக்கு அரிசிப் பருப்பில் உப்புக் கூடிவிட்டது. பிள்ளைகள் கையை ஆட்டி ஆட்டிப் புகார் சொன்னார்கள்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து சாரல். திருமலைசாமி வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் ஜோதிமணி, நடுவில் நாச்சி, கடைசியில் அவர். நாச்சிக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. இவள்தான் யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லையே. இடி விழுந்தாலும் முகம் மாறாத பிள்ளை. வேறு தாய்மார்கள் பிள்ளை பரீட்சையில் தேற வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். நாச்சி சூலூர்ப் பிரிவு தாண்டும்போது தன் பிள்ளைக்குக் காது இல்லை என்று வந்துவிட வேண்டும் என்று மாரியாத்தாளை வேண்டிக்கொண்டாள்.

வின்ஸ்டன் முப்பது வயதுக்காரர், மெலிந்த உடம்பு, யாரையும் அதட்டாத குரல். ஒரு பெட்டி மிஷினும் தலையில் மாட்டுகிற கருவியும் வைத்திருந்தார். ஜோதிமணி தலையில் மாட்டியதும் பிடுங்கி எறிந்தாள். இரண்டு தடவை எறிந்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"பரவால்லீங்க. அம்மா, நீங்க மடியில வெச்சுக்கங்க. நான் பின்னால இருந்து சத்தம் கொடுக்கறேன். டீச்சர், நீங்க முன்னால நின்னு முகத்தைப் பாருங்க. கண்ணு அசைஞ்சாக்கூடச் சொல்லுங்க."

நாச்சி பிள்ளையை மடியில் இருத்தி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். பின்னால் சின்ன மணி அடித்தது. ஜோதிமணி எதிர்ச் சுவரில் ஓடுகிற ஈரக்கோட்டைப் பார்த்தபடி இருந்தாள். டீச்சர் தலையை ஆட்டினார், ஒன்றுமில்லை. விசில். ஒன்றுமில்லை. மேளம். ஒன்றுமில்லை.

ஆனால் நாச்சியின் வயிற்றோடு ஒட்டியிருந்த முதுகு அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்தச் சின்ன முதுகு விறைத்துத் தளர்ந்தது. பாவாடைக்கு அடியில் கால் விரல்கள் மடங்கின. மேளம் அடித்தபோது பிள்ளையின் இருதயம் பட்டுப் பட்டென்று தன் கையில் அடிப்பது நாச்சிக்குத் தெரிந்தது. முகத்தில் மட்டும் ஒரு கோடு அசையவில்லை. அவள் இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். விறைப்பது வெளியே தெரிந்துவிடக் கூடாது.

வின்ஸ்டன் பின்னாலிருந்து வந்து எழுத ஆரம்பித்தார். "சுத்தமா ரெஸ்பான்ஸ் இல்லீங்க. ரெண்டு காதும் அதிகபட்ச லாஸ்னு போடறேன்."

ஜெபராணி டீச்சர் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப நான்தான் தப்பா நெனச்சுட்டேன்" என்றார்.

வாசலில் நின்ற திருமலைசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆறு வருஷமாகத் தெரிந்த சேதிதான் என்றாலும் சீட்டில் எழுதும்போது மனுஷனுக்குத் தாங்கவில்லை. நாச்சிக்கோ நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. வென்றுவிட்டாள். இன்னும் ஆறேழு வருஷத்துக்குப் பிள்ளைக்கு இடம் உண்டு. வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டு எழுந்தாள்.

"உக்காருங்கம்மா, முடியலை" என்றார் வின்ஸ்டன். "இந்தத் தடவை மிஷினும் கொண்டாந்திருக்கேன். சீட்டு எழுதுனதுமே போட்டு அனுப்பச் சொல்லியிருக்காங்க. இவ்வளவு லாஸ் இருக்கிற பிள்ளைக்கு நல்ல பவரா ஒண்ணு இருக்கு."

சிகரெட் பெட்டி அளவுக்கு ஒரு டப்பா. துணிப் பையில் போட்டு நெஞ்சில் தொங்கவிட வேண்டும். அதிலிருந்து இரண்டு ஒயர் காதுக்குப் போயிற்று. டப்பாவின் தலையில் ஒரு திருகு, அதில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எழுதியிருந்தது.

நாச்சி இதை நினைத்துப் பார்த்திருக்கவே இல்லை. "மிஷினெல்லாம் வேண்டாமுங்க சார். அவ புடுங்கிப் போட்டுருவா. வேற புள்ளைக்குக் குடுங்க."

"ஏம்புள்ள வேண்டாங்கறே?" என்று திருமலைசாமி வாசலிலிருந்து கத்தினார். அவர் அதை மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்திருப்பார். "சும்மா குடுக்கறாங்க, போட்டுத்தான் பாக்கலாமே! துளி கேட்டாலும் ஆச்சு!"

"இல்லீங்க மாமா..."

"நீ சித்தெ சும்மா இரு. சார், நீங்க போடுங்க."

நாச்சி என்ன சொல்லித் தடுப்பாள்? காரணம் கேட்பார்கள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். வின்ஸ்டன் அடைப்பானை ஈரப் பஞ்சால் துடைத்து இரண்டு காதிலும் செருகினார். அந்தக் குளிர்ச்சியோ என்னவோ, ஜோதிமணி அதைப் பிடுங்கவில்லை. அவர் திருகை நாலில் வைத்துவிட்டு மேளத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

ஜோதிமணியின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கண் இரண்டும் அகன்று கூரையைப் பார்த்தன. நாச்சியின் மடி நனைந்தது.

"ரெஸ்பான்ஸ்!" என்றார் வின்ஸ்டன். அந்த மெலிந்த மனுஷனின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பாத்தீங்களா டீச்சர்? கேக்குது, கேக்குது!"

டீச்சர் ஸ்தோத்திரம் என்று கைகூப்பினார். ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குதித்தார்கள். திருமலைசாமி செருப்போடு உள்ளே ஓடி வந்தார். ஆறு வருஷமாகப் பிள்ளையிடம் பேசாத வாய். பிள்ளைக்கு முன்னால் மண்டியிட்டு, நெஞ்சில் தொங்குகிற டப்பாவுக்கு நேராக வாயை வைத்து, நாலு தறி ஓடுகிற குடோனில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

"பாப்பா! அப்பன் பேசறேன் சாமி! அப்பன்! கேக்குதா கண்ணு!"

ஜோதிமணி தலையைப் பின்னால் எறிந்தாள். அது நாச்சியின் தாடையில் மோதி உதடு கிழிந்தது. அப்போதுதான் அவளிடமிருந்து சத்தம் வந்தது, பிள்ளை போடுகிற சத்தம் போலவே இல்லை. தன் கையைத் தானே கடித்தாள்.

"பயப்படறா, அவ்வளவுதான், மொதல்ல அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வின்ஸ்டன் குனிந்தார். திருமலைசாமி அழுதுகொண்டே மறுபடி, "பாப்பா!" என்றார்.

நாச்சி இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். டப்பா தரையில் விழுந்து ஊளையிட்டது.

"உடுங்க! அவளுக்குக் காது கேக்குமுங்க! நல்லாக் கேக்கும்! மிஷினு இல்லாமயே கேக்கும்!"

ஜோதிமணி இரண்டு உள்ளங்கையாலும் காதை அழுத்திக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்துவிட்டாள். வின்ஸ்டன் டப்பாவின் திருகை அணைத்தார். நாச்சி உதட்டு ரத்தத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாம் தறி, ஆடி மாசம், மடியில் விறைத்த முதுகு வரைக்கும் சொன்னாள்.

வின்ஸ்டன் எழுதிய சீட்டைக் கிழித்தார். மேசைக்கு அடியில் குனிந்து வெகுநேரம் பிள்ளையைப் பார்த்தார். தொடவில்லை.

"மன்னிச்சுக்கங்கம்மா. நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். "இது காது இல்லீங்க. தறிச் சத்தமும் இல்லை, நீங்க தொட்டில் கட்டுனதும் இல்லை. ஆட்டிசம்னு சொல்றாங்க. பொறக்கும்போதே மூளையில அமைப்பு வேற மாதிரி. நான் புஸ்தகத்துல படிச்சிருக்கேன், நேர்ல பாத்தது கம்மி."

"அதுக்கு மிஷின் இருக்குதுங்களா?" என்று கேட்டார் திருமலைசாமி.

"இல்லீங்க."

"பள்ளிக்கூடம்?"

"மெட்ராஸ்ல ஒண்ணு ரெண்டு எடம் இருக்குன்னாங்க. இங்க கோயமுத்தூர்ல எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க."

தொட்டில் காரணமில்லை என்ற சேதிக்காக நாச்சி ஆறு வருஷம் ஏங்கியிருக்கிறாள். அது இன்றைக்கு வந்து என்ன பிரயோஜனம்? காதில் வாங்கினாள், அவ்வளவுதான். ஜெபராணி டீச்சரின் பக்கம் திரும்பி, தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்தாள்.

"டீச்சருங்க, வகுப்புல வேண்டாம். சமையக்கட்டுல ஒரு மூலைல ஒக்காந்துக்கட்டும். நான் எல்லா வேலையும் செய்யறேன். அவளுக்கு இந்த எடம் பழகிப்போச்சுங்க."

டீச்சர் அவளைத் தூக்கினார். "நெஜமாவே காது கேக்காத பதினாறு பிள்ளைங்க வெளிய நிக்கறாங்க நாச்சியம்மா. அதுல ஒருத்தியோட அம்மா வாரா வாரம் வந்து இப்படித்தான் என் காலைப் பிடிக்கிறா. அவளுக்கு நான் என்ன சொல்றது? ஆடியிலயே நீங்க எங்கிட்ட சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா வெச்சிருப்பீங்களா டீச்சர்?"

ஜெபராணி டீச்சர் பொய் சொல்லிப் பழகாதவர். "இல்லைம்மா" என்றார்.

பாவாத்தாள் சமையல்கட்டிலிருந்து தூக்குப்போசியில் சோறு போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜோதிமணியை மேசைக்கு அடியிலிருந்து வெளியே எடுக்க ஒரு மணி நேரமாயிற்று. காதிலிருந்து கையை அவள் எடுக்கவே இல்லை. பஸ்ஸில் ஏறும்போதும் அப்படியே ஏறினாள். நாச்சி பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். மழை வலுத்து, கருமத்தம்பட்டி வரைக்கும் ஜன்னல் ஷட்டரை இறக்கியே வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் திருமலைசாமி குடோன் பக்கம் போகவில்லை. வாசல் நடையில் குந்திக்கொண்டு பீடி பிடித்தார். உள்ளே மூலையில் ஜோதிமணி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொழுது இறங்குகிற நேரத்துக்கு அவர் நாச்சியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். வாயால் கூப்பிட அவருக்குப் பயமாக இருந்தது. இருவரும் மழையில் நனைந்தபடி பக்கத்துக் காட்டு வேலி வரைக்கும் நடந்தார்கள்.

"ஏம்புள்ள, அப்ப எல்லாத்தையும் கேட்டுட்டேதான் இருந்திருக்கறாளா?"

"ஆமாங்க."

"கொடுமுடீல... ஆத்துல நான் சொன்னது?"

நாச்சி வேலி முள்ளைப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பரிகாரம் செய்யக் கொடுமுடிக்குப் போயிருந்தார்கள். காவிரியில் செந்தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முழங்கால் ஆழத்தில் நின்று, நடுவில் பிள்ளையின் இரண்டு கையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்திருந்தார்கள். அப்போதுதான் அவர் சொன்னார், "கைய உட்டா ஒரு நிமிசம் புள்ள. மூணு பேருக்கும் விடுதலெ." அதற்கு நாச்சி ஐயோ என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஆளுங்க பாக்கறாங்க" என்றுதான் சொன்னாள். பிறகு மூன்று பேரும் முழுகி எழுந்து, கரையேறி, தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

"கேட்டிருக்குங்க" என்றாள். "நாஞ் சொன்னதும் கேட்டிருக்கும்."

"வெளங்கியிருக்காதல்லொ?"

"தெரியலீங்க மாமா. எனக்கு எப்புடீங்க தெரியும்?"

அவர் வேலியோரம் உட்கார்ந்துவிட்டார். சத்தம் போட்டு அழுகிற ஆள், அன்றைக்குத் துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். வீட்டுக்குள் கேட்டுவிடுமே என்றுதான். பிறகு உள்ளே போய்ப் பிள்ளைக்கு எட்டத்தில் உட்கார்ந்து, "பாப்பா" என்று ஆரம்பித்தார். எவ்வளவு தணித்தும் குரல் தறிக்காரன் குரலாகத்தான் வந்தது. ஜோதிமணி முழங்கையை இறுக்கிக் காதை இன்னும் அழுத்தினாள். அவர் எழுந்து குடோனுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தறி ஓடுகிற சத்தம் கேட்டது.

காலையில் நாச்சி அடுப்பைப் பற்றவைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸுக்குப் போக வேண்டியதில்லை என்றால் காலையில் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஏழு மணி இருக்கும். திரும்பிப் பார்த்தால் ஜோதிமணி நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை போட்டு நிற்கிறாள். பொத்தானெல்லாம் சரியாகப் போட்டிருந்தாள். தோளில் பை. காதிலிருந்து கை இறங்கியிருந்தது.

நாச்சி உள்ளங்கையைக் காட்டி, தறியை நிறுத்துவதற்குக் காட்டுகிற மாதிரி ஆட்டினாள். பிள்ளை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையைக் கழற்றப் போனால் தலையைச் சுவரில் ஒரு மோது மோதினாள். காது கேட்கிற பிள்ளை, வாயால் சொல்லலாம். சொன்னாள். "இஸ்கோலு இல்ல கண்ணு. இனி இல்ல. அவிய வேண்டாமுன்னுட்டாங்க சாமி." தன்னால் முடிந்த அளவுக்குத் தணித்துத்தான் சொன்னாள். ஜோதிமணியின் கை இரண்டும் காதுக்குப் போயின.

ஏழு இருபது பஸ் ஹாரன் அடித்தது. ஜோதிமணி காதைப் பொத்தியபடியே நடக்க ஆரம்பித்தாள். நாச்சி முந்தின நாள் கட்டிய சேலையோடு, செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினாள். "வாங்கக்கா, தெனமும் மொத ஆளா நிப்பீங்க, இன்னிக்கு என்ன லேட்டு?" என்று கண்டக்டர் சிரித்துக்கொண்டே பிள்ளைக்குக் கை கொடுத்தான்.

பள்ளிக்கூட கேட்டில் வாட்ச்மேன் குனிந்து செருப்பைச் சரிசெய்வது போலப் பாவனை செய்தார். "உட வேண்டாமுன்னு சொல்லிப்போட்டாங்கம்மா. எம்மேல கோவிச்சுக்காதீங்க" என்றார். உள்ளே பிள்ளைகள் ஜெபத்துக்கு வரிசையில் நின்றிருந்தார்கள். ஜோதிமணி நிற்கிற இடத்தில் ஒரு புதுப் பெண் நின்றாள், எண்ணெய் வழியப் பின்னிய ஜடையோடு. அவளுடைய அம்மாவாகத்தான் இருக்கும், தூணோரம் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். நாச்சிக்கு அவளைத் திட்டக்கூட வாய் வரவில்லை.

ஜோதிமணி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாச்சி இழுத்துப் பார்த்தாள், கைகாட்டினாள், பேசினாள். வெயில் வந்தது, தூறல் வந்தது. மத்தியானம் சோற்று வாசம் வந்தபோதும் பிள்ளை நகரவில்லை. மூன்றரைக்கு மற்றப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபிறகுதான் கம்பியை விட்டு, அவர்கள் பின்னால் நடந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள்.

மறுநாளும் ஏழு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.